நாலு எலுமிச்சம்பழமும் ஓர் எமகண்டமும்

என் கணவர் படகின் சாவியைத் துவாரத்தில் நுழைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பின்சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த நான், கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, இந்த மனுஷன் கண்ணைத் திறப்பதற்குள் என்ன சாக்கு சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடம், தேங்காய்த்திட்டுப் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு சின்னப் படகுத்துறை. நாள், ஒரு ஞாயிறு. வெயில் மண்டையைப் பிளந்தது. படகு நிறையச் சொந்தபந்தம். மாலை, மாவிலை, சாம்பிராணிப் புகை. அத்தனைக்கும் நடுவே என் மூக்கில் பெட்ரோல் நெடி ஏறிக்கொண்டிருந்தது.

"பெட்ரோல் நாறுதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். இன்றைக்கு மட்டும் வாசனை, நாற்றம் என்று வாயைத் திறக்க மாட்டேன் என்று அன்று காலையில்தான் சாமி படத்துக்கு முன்னால் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

முட்டைக்கோஸ் செய்த துரோகம்

போன வாரம் நான் எழுதிய தையல் மிஷின் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்று எழுதியிருந்தார். அம்மா, வாயை விட எனக்கு மூக்கு நீளம்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், யார் வீட்டில் கருவாடு தீய்ந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். எதிர்வீட்டுப் பையன் எந்தத் தேதியில் சிகரெட் பிடிக்க ஆரம்பித்தான் என்பது அவனைப் பெற்றவளுக்கு முன்பே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் தெருவில் குடியிருக்க முடியாது.

சொன்ன ஒரு தடவைதான் மானம் போயிற்று. பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். முதல்நாள் சாயங்காலம் பந்தலில் சமையல் நடந்துகொண்டிருந்தது. கேஸ் கசிகிறது என்று என் மூக்கு சொன்னது. விட்டேனா? அடுப்பையெல்லாம் அணைக்க வைத்தேன். மாப்பிள்ளை வீட்டாரை நடுத்தெருவில் நிறுத்தினேன். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அவர்கள் தேடித் தேடிக் கடைசியில் சமையல்காரர் வேனுக்குப் பின்னால் கண்டுபிடித்தது ஒரு மூட்டை அழுகின முட்டைக்கோஸ்.

கசிவது தெரிய வேண்டும் என்று கேஸில் சேர்க்கிற நாற்றமே கிட்டத்தட்ட அழுகின முட்டைக்கோஸ் மாதிரிதான் இருக்கும் என்று வந்த தீயணைப்புக்காரரே சொன்னார். ஆக என் மூக்கு தப்பில்லை, முட்டைக்கோஸ்தான் தப்பு. யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் ஃபயர் சர்வீஸ் வேதா. என் கணவர் ஏழுமலைக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் முட்டைக்கோஸ் கதையைச் சொல்லி, முழங்காலைத் தட்டிச் சிரிப்பார்.

அதனால்தான் அந்தச் சத்தியம். "சம்மந்தி வர்றாரு. அவரு முன்னாடி உன் மூக்கு கதய எடுத்துடாத தாயே. ஒரே ஒரு நாளு" என்று கெஞ்சினார். சரி, பாவம் என்று அடித்துக் கொடுத்தேன்.

கதவைப் பார்த்து வைக்கிற சம்மந்தி

எங்கள் பெண்ணைக் கட்டியவர் சாரம் பகுதியில் இருக்கும் ஒரு சொல்தா வீட்டுப் பையன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷனோடு ஊரில் இருப்பவர்களை நாங்கள் சொல்தா என்போம். சம்மந்தி பெயர் அந்துவான். தெருவே அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். பேச்சு குறைவு. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் பின்வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வார். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது என் அடுக்களை வரைக்கும் நடந்து போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். பெண் வீட்டை உளவு பார்க்கிறாரோ என்று எனக்கு எரிச்சல். பிறகுதான் தெரிந்தது, பட்டாளத்துப் பழக்கம்.

இந்த மனிதருக்கு முன்னால் தான் ஒரு படகு முதலாளியாக நிற்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. வேலை பார்த்த பஞ்சு மில் மூடியதிலிருந்து அவர் பார்க்காத வேலை இல்லை. ஆட்டோ ஓட்டினார், ஐஸ்கிரீம் வண்டி வைத்தார், டூரிஸ்ட் வேனுக்கு ஆள் பிடித்தார். கடைசியில் கோவாவிலிருந்து ஒரு பழைய உல்லாசப் படகைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளை நிறம், நீலக் கோடு, மெத்தை வைத்த சீட்டு. பின்சீட்டுக்கு அடியில், மூடி போட்ட பெட்டிக்குள் பெட்ரோல் இன்ஜின். நம் ஊர் விசைப்படகுகளுக்கெல்லாம் டீசல் இன்ஜின், அதோடு பழகிய கைகள்தான் துறையில் எல்லோருக்கும். டீசல் எருமை மாதிரி, என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். பெட்ரோல் அப்படியில்லை.

புருவம் போன இடம்

இதை எனக்குச் சொன்னவன் படகோடு கூடவே கோவாவிலிருந்து வந்த தாஸ். சொந்த ஊர் நம் பிள்ளைச்சாவடிதான். அங்கே பல வருஷம் படகு மெக்கானிக்காக இருந்தவன். முதல்முறை பார்த்தபோது அவன் முகத்தில் ஏதோ குறைகிறதே என்று விழித்தேன். புருவம் இல்லை. இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தது.

"ஒரு நாள் காலைல அவசரத்துல சாவியத் திருப்பிட்டேன் அண்ணி" என்றான். "இன்ஜின் பொட்டிக்குள்ள பெட்ரோலு ஆவி நின்னுக்கினு இருந்திருக்கு. ஸ்டார்ட்டர்ல ஒரு பொறி, அவ்ளோதான். மூடி தென்னமர ஒசரம் போச்சு. நான் தண்ணில கெடந்தேன். பக்கத்துல கட்டியிருந்த ரெண்டு படகும் சேந்து எரிஞ்சிது. உயிரு தங்குனதே பெருசு. புருவம் அப்பறம் மொளைக்கவே இல்ல."

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமாம். சாம்பாரில் பருப்பு அடியில் போய் உட்காருவது மாதிரி படகின் அடித்தட்டில் போய் உட்கார்ந்துவிடுமாம். கார் என்றால் கீழே திறந்திருக்கும், ஒழுகினாலும் தரைக்குப் போய்விடும். படகில் அடியில் ஓட்டை இருந்தால் அது படகே இல்லையே. அதனால்தான் மேலே காற்றுப் போக வர நாலு குழாய். உள்ளே இருக்கிற ஆவியை வெளியே தள்ள ஒரு மின்விசிறி, புளோயர் என்பான் அவன். "மூடியத் தொற, புளோயரப் போடு, கொஞ்ச நேரம் ஓடட்டும், குனிஞ்சி மோந்து பாரு, அப்பறம்தான் சாவி" என்று என் கணவருக்குப் பாடம் எடுத்தான். அதையே எழுதிச் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்தான்.

மோந்து பார் என்று அவன் சொன்னபோது என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முட்டைக்கோஸ்தான் ஞாபகம் வந்திருக்கும்.

எல்லாம் பக்தியால் வந்தது

பூஜை நாளன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தால், ஒருவர் கூடக் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் பக்தி.

நல்ல நாளில் எதுவும் குறையாக இருக்கக் கூடாது என்று என் கணவர் விடியற்காலையிலேயே பெட்ரோல் டேங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிவிட்டார். தளும்ப வேண்டுமாம். தளும்பியது. வெயில் ஏற ஏற உள்ளே பெட்ரோல் இன்னும் பொங்கியிருக்கிறது. பொங்கினால் வெளியே போக ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது பழசாகி வெடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியே போக வேண்டியது இன்ஜின் பெட்டிக்குள் சொட்டியிருக்கிறது.

அடுத்தது எலுமிச்சம்பழம். புது வண்டி என்றால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது நம் வழக்கம். படகுக்குச் சக்கரத்துக்கு எங்கே போவது? பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார் மனுஷன். பின்னால் மேல்தட்டில் நாலு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. எண்ணிக்கை சரியாக நாலு. வாயும் எலுமிச்சம்பழத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. குழாய்க்கு ஒன்றாக வைத்து அழுத்தி, மேலே குங்குமமும் வைத்துவிட்டார். திருஷ்டி உள்ளே வரக் கூடாது என்று அடைத்ததில் காற்றும் உள்ளே வரவில்லை.

புளோயர் மட்டும் பாவம், ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு கிரைண்டர் மாதிரிச் சத்தம். மந்திரம் சொல்ல வந்த ஐயர், "அதைக் கொஞ்சம் நிறுத்துங்கோ, நான் சொல்றது எனக்கே கேக்கலை" என்றார். நிறுத்தினார்கள். தாஸ் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தின் மேல் சந்தனத்தைப் பூசி, அதன் மேல் ஒரு முருகன் படத்தை ஒட்டினார்கள். மூலையில் 'சாவி' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது.

தாஸ் இருந்தால் இதெல்லாம் நடக்க விட்டிருப்பானா? அவன் இல்லை. திருஷ்டி சுற்றப் பூசணிக்காய் வாங்க மறந்து போயிற்று என்று அவனை ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்கு விரட்டியிருந்தார் என் கணவர்.

சம்மந்தி குடும்பம் மாதா கோயிலில் பூசை முடிந்து வர நேரமாகிவிட்டது. அன்றைக்குப் பிரசங்கம் நீண்டுவிட்டதாம். எல்லோரும் ஏறி உட்கார்ந்தபோது உச்சிவெயில் நெருங்கிவிட்டது. சம்மந்தி ஏறியதும் படகின் ஓரக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கரைக்கும் படகுக்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்தார். பிறகு இறங்குவதற்கு வசதியான ஓரத்தில் உட்கார்ந்தார்.

சாக்கு

நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் பக்கத்துக் குழாயிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் லேசாக எழும்பி நின்றது. விழுந்துவிடப் போகிறதே என்று எடுத்து நேராக வைக்கப் போனேன். குழாய்க்குள்ளிருந்து குபுக்கென்று வந்தது நெடி. மல்லிகைப்பூவையும் சாம்பிராணியையும் தள்ளிக்கொண்டு வந்து நெற்றிப்பொட்டில் அடித்தது. தாஸின் வழவழப்பான நெற்றிதான் என் கண்முன்னால் நின்றது.

முன்பக்கம் ஐயர் கையில் கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் சாவியை நுழைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

சத்தியத்துக்காக மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு பத்தினி நான் இல்லை. எனக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். பெட்ரோல் நாறுகிறது என்று சொன்னால், "இவளுக்கு வேற வேல இல்ல, இப்ப பாருங்க" என்று சம்மந்தி முன்னால் நிரூபிக்கிறதற்காகவே சாவியைத் திருப்புவார். அதுதான் பயம். படகில் என் பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார், ஊர்ப்பட்ட சொந்தம் இருக்கிறது. எல்லோரும் இறங்க வேண்டும், அவரும் சாவியை விட்டு நகர வேண்டும்.

அப்போதுதான் முருகனோ மாதாவோ என் வாயில் வார்த்தையை வைத்தார்கள்.

"என்னங்க" என்றேன். "ஞாயித்துக்கெழமைங்க. பன்னண்டுக்கு எமகண்டம் ஆரம்பிக்குது. இப்ப கெளம்புனா மொத சவாரி எமகண்டத்துலதான் கரைக்கு வரும்."

அடடா, என்ன ஒரு மரியாதை. வாசனைக்கு இல்லாத மரியாதை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "வாஸ்தவம், நான் கவனிக்கலையே" என்று தட்டோடு முதலில் கரைக்குத் தாவினார். பின்னாலேயே சித்தப்பா, அத்தை, குழந்தைகள் எல்லோரும் சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சம்மந்திக்கு எமகண்டத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கூட்டம் நகர்கிறது என்றதும் நான் கவனிப்பதற்குள் அவர் கரையில் இருந்தார். இறங்கியதோடு நிற்கவில்லை, தூரத்துத் தென்னைமரம் வரைக்கும் போய்விட்டார்.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். என் கணவரோ கண்ணைத் திறந்து சாவியில் கையை வைத்தார்.

"பன்னண்டுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கெடக்குது வேதா" என்றார். "நல்ல நேரத்துலயே ஸ்டார்ட் பண்ணி உட்டுட்டா போதும். சவாரி எமகண்டம் முடிஞ்சி போயிக்கலாம். நீயும் எறங்கு."

போச்சுடா. நான் எமகண்டத்தைச் சொல்லப் போக, மனுஷனுக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. கை சாவியைத் திருகப் போகிறது. எனக்கு அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. இந்த ஆள் செத்துப் போய்விடுவார், நான் இவர் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பேன், அது ஒன்றுதான் தோன்றியது. பாய்ந்து போய்ச் சாவியைப் பிடுங்கி ஆற்றில் வீசிவிட்டேன்.

மிதக்கும் சாவி

யார் கண்டுபிடித்தார்களோ, படகுச் சாவியோடு ஓர் ஆரஞ்சு நிறப் பந்தைக் கட்டிவைக்கிறார்கள். முங்காது. சாவி ஜாலியாக மிதந்து, கடலிலிருந்து ஏறி வந்த ஓதத்தில் திரும்பி எங்கள் படகுக்கே வந்தது. என் கணவர் ஒரு கழியை எடுத்து அதைத் துழாவ ஆரம்பித்தார்.

"உனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"பெட்ரோலு நாறுதுங்க. சத்தியத்த மீறிட்டேன், என்ன வேணாலும் செஞ்சிக்கோங்க. எறங்குங்க."

"எங்க நாறுது? எங்க நாறுது?" என்று கழியைப் போட்டுவிட்டு வந்தார். நான் பழத்தை எடுத்திருந்த குழாயின் வாயில் மூக்கை வைத்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். எனக்கோ நின்ற இடத்திலேயே கண் எரிந்தது. அவர் நிமிர்ந்தார்.

"ஒண்ணும் இல்லையே" என்றார்.

கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மில்லில் அத்தனை வருஷம் பஞ்சுத்தூசியைத் தின்ற மூக்கு. அது எப்போதோ செத்துப் போயிருந்தது, இந்த மனுஷன் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே "கொழம்பு வாசன தெருக்கோடி வரைக்கும் வருது" என்பாரே, அத்தனையும் பொய். ரசம் வைத்த நாளிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து தாஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். நாலு குழாயையும், அவற்றின் வாயில் இருந்த மூன்று பழங்களையும், நான் கையில் வைத்திருந்த நாலாவதையும் பார்த்தான். இடுப்பில் இருந்த பூசணிக்காய் நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து சிதறியது.

"அண்ணே, எதையும் தொடாத. சாவியும் வேணாம், புளோயரும் வேணாம், ஒரு சுச்சும் வேணாம். அண்ணியக் கூட்டிக்கினு எறங்கு. கற்பூரத்த எவனாவது அணைங்கய்யா."

புருவம் இல்லாதவன் முகத்தில் பயம் வந்தால் இன்னும் பயமாக இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து இறங்கினார். தாஸ் பழங்களைப் பிடுங்கிப் போட்டான், மூடியைத் திறந்தான். காற்றடித்து நெடி கரைக்கு வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் கணவர் மட்டும் பொத்தவில்லை. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவரும் பொத்திக்கொண்டார்.

அடித்தட்டில் தேங்கியிருந்த பெட்ரோலைத் துணியில் ஒற்றி எடுத்து, வெடித்த ரப்பர் குழாயை மாற்றி, மறுநாள் முழுக்கத் திறந்து போட்டு உலர்த்தினான். ஐயர் சிதறிய பூசணிக்காயைப் பார்த்து, திருஷ்டி தானாகவே கழிந்துவிட்டது, இனித் தோஷமில்லை என்றார். சம்மந்தி தென்னைமரத்தடியிலிருந்து நிதானமாக நடந்து வந்து, என் முன்னால் நின்று, பட்டாளத்து சல்யூட் ஒன்று வைத்தார். அவர் எனக்குச் செய்த சீர் அதுதான்.

இப்போது

அந்தப் படகு இப்போது தினமும் ஓடுகிறது. டேங்க்கைத் தளும்ப நிரப்புவதில்லை. நிரப்பும்போது ஆட்களை ஏற்றுவதில்லை. மூடியைத் திறந்து, புளோயரைப் போட்டுக் காத்திருக்கிற நேரத்துக்குத் துறையில் எல்லோரும் வைத்திருக்கிற பெயர் எமகண்டம். "கொஞ்சம் இருங்க சார், எமகண்டம் முடியட்டும்" என்று தாஸ் சொல்ல, பெங்களூர்க்காரர்கள் பஞ்சாங்கம் என்று நினைத்துப் பயபக்தியோடு நிற்பார்கள்.

மூக்கு விஷயத்தை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முட்டைக்கோஸ் கதை மட்டும் நின்று போயிற்று.

சமீபத்தில் ஒரு நாள் தாஸ் ஊரில் இல்லை. மத்தியானம் ஃபோன் வந்தது. "வேதா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். சவாரிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கரையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மூடி திறந்து கிடந்தது, புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் மண்டியிட்டு உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தேன். கிரீஸ், உப்புத்தண்ணீர், யாரோ பையில் வைத்திருந்த வஞ்சிரக் கருவாடு. வேறொன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "இதுக்கா இவ்ளோ பேர நிக்க வச்சீங்க? மூடி தொறந்துதான கெடக்குது, புளோயரும் ஓடுது."

"ஒண்ணும் இல்லன்னு நீ சொன்னாதான் வேதா ஒண்ணும் இல்ல" என்றார், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி.

பலகையின் மேல் கிடந்த சாவியை, அந்த ஆரஞ்சுப் பந்தோடு, நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.